மங்களத்தின் புல்வளையம்

மோர்னிங்சைட், ரொறன்ரோ
10 பெப்ரவரி 2024

அன்புள்ள இக்னேசியஸ்,

போன மாதம் சற்றலைற் போனில் கதைத்தது போதும். கதைத்தது கொஞ்சம், சண்டை பிடித்தது கூட. பழையபடி கடிதத்துக்கே வருவோம். நான் எழுதி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேச முடியாது என்பது எனக்குப் பெரிய ஆறுதல். சனிக்கிழமைகளில் ஜீப்பில் ரவுணுக்குப் போகும்போது உங்கள் கடிதத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள். நானும் அப்படியே செய்கிறேன். கையால்தான் எழுத வேண்டும். ரைப் பண்ணத் தொடங்கினால் நீங்கள் கந்தோர்க் கடிதம் மாதிரி எழுதுவீர்கள்.

நல்ல சேதி ஒன்று. மங்களத்தைப் பற்றிய எங்கள் கட்டுரையை ஆய்விதழில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கோடையில் வருகிறது. முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது உங்களுடையது. வீடியோ முழுக்க நீங்கள் எடுத்தது என்றும் போட்டிருக்கிறேன், ஆகவே முகத்தை நீட்ட வேண்டாம்.

போன கிழமை இங்கே லைப்ரரியில் எங்கள் ஆட்களுக்கு ஒரு பேச்சு. நானும் கணவரும் மேற்கு ஆபிரிக்கக் காட்டில் நாலு வருடம் சிம்பன்சிகளோடு இருந்தோம் என்று தொடங்கி, அவை கல்லைச் சுத்தியலாக எடுத்து, வேரின் பள்ளத்தில் கொட்டையை வைத்து உடைப்பதைக் காட்டினேன். குட்டி தாயின் பக்கத்தில் இருந்து வருடக்கணக்காகப் பார்த்துத்தான் பழகுகிறது, ஒரு கூட்டத்துக்குத் தெரிந்த வேலை அடுத்த காட்டுக் கூட்டத்துக்குத் தெரியாது என்றேன். முன்வரிசையில் இருந்த ஏஞ்சலா அன்ரி கையை உயர்த்தினா. "பிள்ளை, குரங்கு கொட்டை உடைக்கிறதைப் பாக்கவோ உவ்வளவு தூரம் போனனீங்கள்? என்ரை மனுசனுக்கு இன்னும் ஒரு தேங்காய் உடைக்கத் தெரியாது." சனம் விழுந்து விழுந்து சிரித்தது. "அன்ரி, இது குரங்கில்லை. இதுக்கு வாலில்லை" என்றேன். "என்ரை மனுசனுக்கும் வாலில்லைத்தான்" என்றா.

அதற்குப் பிறகு எங்கள் சிம்பன்சி மங்களத்தின் வீடியோவைப் போட்டேன். புல்லைப் பிடுங்கிக் கையில் சுற்றி, வளையமாக்கிக் கல்லின்மேல் வைத்து, நடுவில் கொட்டையை இருத்தி ஒரே அடி. கொட்டை உருளவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. இதை அவளின் தாய் செய்ததில்லை, கூட்டத்தில் வேறு யாரும் செய்ததில்லை, மனிதரைப் பார்த்தும் பழகவில்லை, தானே யோசித்துக் கண்டுபிடித்தாள் என்று இரண்டு தரம் சொன்னேன். அவளைத் தாயின் முதுகில் தொங்கிய காலத்தில் பார்த்தவர்கள் அல்லவா நாங்கள்.

யுனிவேர்சிற்றியில் என் கொன்றாக்ற் ஓகஸ்ற்றோடு முடிகிறது. நிரந்தர இடம் ஒன்று வருகிறது. இந்தக் கட்டுரை வெளிவந்தால் அது எனக்குத்தான் என்று துறைத் தலைவரே சொன்னார். வராவிட்டால் எனக்கு வேலை இல்லை. கிடைத்தால் வருடத்தில் ஒருதரம் காட்டுக்கு வரவும் வழி உண்டு. ஆகவே கொஞ்சம் சந்தோஷப்படுங்கள்.

வெளியே பனி கொட்டுகிறது. அங்கே இப்போது கொட்டைக் காலம். விடியப்புறம் முதல் சுத்தியல் சத்தம் கேட்டதும் நீங்கள் என் காலைச் சுரண்டி எழுப்புவது நினைவு வருகிறது. இங்கே என்னை எழுப்புவது பனி வழிக்கும் லொறி.

நிலாணி


காட்டு முகாம்
2 மார்ச் 2024

என் நிலாணிக்கு,

கட்டுரைச் சேதியை வாசித்துவிட்டு முகாமை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். சொல்ல ஆளில்லை. மங்களத்திடமே சொன்னேன். அவள் முதுகைச் சொறிந்துகொண்டு எழும்பிப் போனாள். புகழுக்கு மயங்காத பிறவி.

நீர் போனில் அவளுடைய வளையம் ஒன்று மாதிரிக்கு வேண்டும் என்று கேட்டிருந்தீர். வியாழக்கிழமை அவள் உடைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு கல்லடியில் கிடந்ததை எடுத்துவந்து மேசையில் வைத்தேன். அன்றைக்குத்தான் பக்கத்துக் கிராமத்து மார்க்கற்றில் புதுத் தண்ணீர்ப்பானையும் வாங்கி வந்திருந்தேன். எங்கள் பழைய பானை மாதிரியே அடி உருண்டது. அதில் தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தால் பானை ஆடாமல் அசையாமல் மேசையில் இருக்கிறது. உருண்டைப் பானை எப்படி நிற்கும்? குனிந்து பார்க்கிறேன், அவளுடைய வளையத்தின் மேல் வைத்திருக்கிறேன். நான் யோசித்து வைக்கவில்லை நிலாணி. கை தன்பாட்டில் வைத்திருக்கிறது.

அது திருகணி. நாங்கள் பானைக்குக் கீழே வைத்த அதே புல் திருகணி.

இவ்வளவு காலம் வீடியோவில் பார்த்தும் ஏன் விளங்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். கத்தி, கயிறு, வாளி, கரண்டி எல்லாவற்றையும் அவர்கள் கண்ணில் படக்கூடாது என்று எவ்வளவு கவனமாக ஒளித்து வைத்தோம். எங்களுடைய கருவியைப் பார்த்துப் பழகினால் காட்டின் பழக்கம் எது, எங்களுடையது எது என்று தெரியாமல் போய்விடும் என்பதுதானே முதல் சட்டம். திருகணியை மட்டும் ஒருவரும் ஒளிக்கவில்லை. யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அது ஒரு கருவியா? பானை என்றால் கீழே திருகணி. வேறு நாட்டுக்காரர் யாரும் அப்போது இங்கே இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பார்கள், இது என்ன என்று.

அன்று முழுக்க நான் தனியாகச் சிரித்துக்கொண்டு திரிந்தேன். மங்களம் எங்கள் வீட்டை எட்டிப் பார்த்திருக்கிறாள். பப்பாசி மரத்தடியில் நீர் தலைமுழுகுவதையும், நான் சோறு குழையவிட்டு உம்மிடம் பேச்சு வாங்குவதையும் அந்தச் சின்னக் குட்டி புதருக்குள் இருந்து பார்த்திருக்கிறாள். நீர் போன பிறகு எங்கள் குடித்தனத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று நினைத்திருந்தேன். மிஞ்சியிருக்கிறது, காட்டுக்குள்ளே நடமாடுகிறது.

உமக்கும் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் உடனே எழுதுகிறேன்.

உம்முடைய
இக்னேசியஸ்


மோர்னிங்சைட்
9 மார்ச் 2024

இக்னேசியஸ்,

சந்தோஷமா? உங்கள் கடிதத்தை பஸ்ஸில் வாசித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் மூன்று தரிப்புத் தள்ளிப் போய், பனிச் சேற்றுக்குள்ளால் திரும்பி நடந்து வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

மனிதரைப் பார்த்துப் பழகியதல்ல. அந்த ஒரு வசனத்தின் மேல்தான் கட்டுரை முழுவதும் நிற்கிறது. அதை எடுத்தால் மிச்சம் ஒன்றுமில்லை. என் வேலையும் இல்லை. இதெல்லாம் தெரிந்துகொண்டு நீங்கள் சிரித்துக்கொண்டு திரிந்தீர்களாம்.

பானை கொட்டிலுக்கு உள்ளே இருந்தது. எனக்கு நல்ல ஞாபகம். உள்ளே இருந்ததை அவள் எப்படிப் பார்ப்பாள்? பானை பொருந்தினால் அது திருகணி ஆகிவிடுமா? என்னுடைய கம்பளித் தொப்பியிலும் பானை நிற்கும்.

உங்களுக்கு நினைவு என்றால் இனிப்பு. தனியே இருக்கிற மனிதனுக்குக் காண்பதெல்லாம் பழைய வீடாகத் தெரியும். அதற்கு நான் என் வேலையைக் கொடுக்க ஏலாது.

மற்றது, "நீர் போன பிறகு" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு வருடமாக மனதுக்குள் வைத்திருந்ததை இப்போது வெளியே விட்டிருக்கிறீர்கள். நான் போனது அப்பா படுக்கையில் விழுந்தபடியால். பின்னால் வாறன் என்றீர்கள். வந்தீர்கள், ஒரு பனிக்காலம் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள், போய்விட்டீர்கள். யார் யாரை விட்டுப் போனது என்று மங்களத்தையே கேளுங்கள். அவள்தானே எல்லாவற்றையும் பார்த்தவள்.

நிலாணி


காட்டு முகாம்
23 மார்ச் 2024

நிலாணி,

பானை வெளியேதான் இருந்தது. பப்பாசி நிழலில் வைத்தால் தண்ணீர் குளிரும் என்று நீர்தான் சொன்னீர். சொன்னது நினைவில்லை என்றால் விடும்.

நான் சண்டைக்கு எழுதவில்லை. உம்முடைய வேலையை யோசிக்காமல் எழுதினது என் பிழை. இங்கே ஒரு விஷயம் கண்ணில் பட்டால் அதை முதலில் சொல்லத் தோன்றுவது உமக்குத்தான், இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஆகவே இப்படிச் செய்யும். கட்டுரை வரட்டும். அந்தக் காலத்தில் இந்த முகாமில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். நீர் பானை உள்ளே இருந்தது என்கிறீர். நான் வாயைத் திறக்கப்போவதில்லை. என் பெயரும் அதில் இருக்கிறது, ஆகவே பிழையென்றால் பாதி எனக்கு. புது வளையம் ஒன்றை எடுத்து, பானை எதுவும் வைக்காமல், பொதி பண்ணி அனுப்புகிறேன்.

ஜன்னலைப் பற்றி எழுதினீர். உண்மை. நீர் காலையில் போனால் இருட்டின பிறகுதான் வருவீர். மில்லிக்கனில் உங்கள் வீட்டுக்குப் போனால் உம்முடைய அம்மா "தம்பி, வேலை ஏதும் சரிவந்ததோ?" என்று கேட்பா. அன்பாகத்தான் கேட்பா. சிம்பன்சியின் பின்னால் நடக்க மட்டும் தெரிந்தவனுக்கு அங்கே என்ன வேலை? உம்மிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. காட்டில் நான் உமக்கு முன்னால் நடந்தவன். அங்கே பஸ்ஸுக்குக் கூட உமக்குப் பின்னால் நின்றேன். அதுதான் ஜன்னலைப் பார்த்தேன்.

இக்னேசியஸ்


மோர்னிங்சைட்
28 ஏப்ரல் 2024

அன்புள்ள இக்னேசியஸ்,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. நீங்கள் வாயைத் திறக்கமாட்டேன் என்றது எனக்கு வசதியாக இருந்தது. அப்படியே விட்டுவிடுவோம் என்றுதான் இருந்தேன். பிறகு ஒன்று நடந்தது.

தம்பி பிரியந்தன் ஸ்ரௌவ்வில்லில் புதுவீடு வாங்கிப் பால் காய்ச்சினான். ஊரில் இருந்து வந்தவர்கள் மாதிரி முறைப்படி மண்பானையில்தான் காய்ச்ச வேண்டும் என்று அவனுடைய மனுசி நிரூபா பிடிவாதமாக நின்று, தமிழ்க் கடையில் பானை வாங்கி வைத்திருந்தாள். கராஜில் காஸ் அடுப்பு. அடுப்பு மூட்டும்வரை பானையைக் குசினிக்குள் வைக்கச் சொல்லி என்னிடம் தந்தாள். அங்கே பளபளவென்று கல்லு மேசை. வைத்தால் பானை சாய்கிறது. ஐயர் நேரம் போகுது என்று நிற்கிறார். நான் ஆருக்கோ மறுமொழி சொல்லிக்கொண்டே பக்கத்தில் கிடந்த துவாயை எடுத்து, முறுக்கி, வளைத்து, நுனியைச் செருகி, கீழே வைத்துப் பானையை மேலே இருத்தினேன். நிரூபா பார்த்துக்கொண்டு நின்றாள். "மச்சாள், உது நல்ல ஐடியாவா இருக்கு. எங்கை பழகினனீங்கள்?" என்று கேட்டாள்.

பத்து வயதில் கனடாவுக்கு வந்தவள் நான். இங்கே எந்த அப்பார்ட்மென்ரில் யார் திருகணி வைத்தார்கள்? அம்மாவின் கையைப் பார்த்ததாகவோ பழகினதாகவோ ஞாபகம் இல்லை. என் கைக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. பால் பொங்கி எல்லாரும் கைதட்டும்போது, நானும் மங்களம் மாதிரி ஆரையோ பார்த்துத்தான் பழகியிருக்கிறேன் என்று விளங்கியது.

வீட்டுக்கு வந்து பழைய ஹார்ட் டிரைவைத் தேடி எடுத்தேன். வந்த நாள் தொட்டு அதை நான் திறந்ததில்லை. வேலை வீடியோக்கள் இல்லை, மற்றவை. நீங்கள் எடுத்த ஒன்றில் நான் தலைமுழுகிவிட்டு ஈரக் கூந்தலோடு பப்பாசி மரத்தடியில் நிற்கிறேன். பானை வெளியேதான் இருக்கிறது. சரிந்து கிடக்கிறது. நான் கத்துகிறேன்.

"இக்னேசியஸ், திருகணியை அடுப்புக்கு வைச்சிட்டியளோ?"

"நான் ஏன் வைக்கிறன்? நேற்றுத்தானே நீர் புதுசு திரிச்சு வைச்சனீர்."

"அப்ப ஆர் எடுத்தது? பேயோ?"

"காத்துக் கொண்டு போயிருக்கும்."

"ஒவ்வொரு நாளும் ஒண்டொண்டாக் கொண்டு போறதுக்குக் காத்துக்கென்ன அலுவல்? பொய் சொல்லாதேங்கோ, நீங்கள்தான் எரிச்சனீங்கள்."

பிறகு நான் சிரிக்கிறேன். கமரா ஆடுகிறது, நீங்களும் சிரிக்கிறீர்கள்.

ஞாபகம் இருக்கிறதா? அந்தக் காலத்தில் எங்களுக்குள் வந்த பெரிய சண்டை அதுதான். காணாமல் போகிற திருகணி. நீங்கள் அடுப்பு மூட்ட எடுக்கிறீர்கள் என்று நானும், நான் எங்கேயோ வைத்துவிட்டு மறக்கிறேன் என்று நீங்களும். அதற்காக ஒரு பின்னேரம் முழுக்க நான் உங்களோடு கதைக்கவில்லை. கொண்டு போனவள் புதருக்குள் இருந்து அதையும் பார்த்திருப்பாள்.

அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முதலில் கட்டுரைக்காகப் பார்த்தேன். பிறகு எங்களைப் பார்த்தேன். நாங்கள் எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறோம் இக்னேசியஸ். எனக்கு அது மறந்தே போயிருந்தது.

திங்கட்கிழமை பதிப்பாசிரியருக்கு எழுதப்போகிறேன். உங்கள் பெயரும் இருப்பதால் முதலில் உங்களுக்குச் சொல்கிறேன். பானை உள்ளே இருந்தது என்று நான் சொன்னதை மறந்துவிடுங்கள்.

நிலாணி


காட்டு முகாம்
18 மே 2024

என் நிலாணி,

உமது கடிதத்தை ரவுணில் தேத்தண்ணிக் கடை வாசலில் நின்று வாசித்தேன். ஜீப்காரர் நீக்கிலாப்பிள்ளை, கப்பலில் வந்து இங்கேயே தங்கிவிட்ட நம்முடைய யாழ்ப்பாணத்துப் பாஷையூர்க்காரர், உமக்குத் தெரியும்தானே, "என்ன தம்பி, வீட்டிலை ஏதும் கரைச்சலோ?" என்று கேட்டார். "இல்லை அண்ணை, பழைய சண்டை ஒண்டு தீந்திட்டுது" என்றேன். அவர் விளங்காமலே தலையாட்டினார்.

நான் ஒரு திருகணியும் எரிக்கவில்லை. பத்து வருடம் கழித்து என் பெயர் துப்புரவாகியிருக்கிறது.

பகிடியை விடுவோம். எழுதவேண்டாம் என்று சொல்லத்தான் பேனையை எடுத்தேன். உமக்கு அந்த இடம் கிடைக்கவேண்டும் என்று இங்கே இருக்கிற சின்னக் கோயிலில் மெழுகுதிரி கூடக் கொளுத்தினேன். ஆனால் நீர் இதற்குள் எழுதியிருப்பீர். ஒன்றை நினைத்துவிட்டு நித்திரை கொள்ளுகிற ஆள் இல்லை நீர்.

ஒரு விஷயம் சொல்கிறேன், இது ஆறுதலுக்கு இல்லை. மங்களத்தின் மகள் சிட்டுவை இந்த மாதம் கூடுதலாகப் பின்தொடர்ந்தேன். தாய் உடைக்கும்போது பக்கத்தில் இருந்து பார்ப்பாள், ஓட்டில் மிஞ்சியதை நக்குவாள், அவ்வளவுதான் இதுவரை. போன கிழமை தானாக ஒரு வளையம் செய்தாள். புல்லில் இல்லை. மரத்தில் இருந்து பட்டையை உரித்து, மென்று இளக்கி, சுற்றி வைத்தாள். புல் இரண்டு அடியில் நைந்துபோகும், பட்டை நைவதில்லை. நாங்கள் ஒருநாளும் பட்டையில் செய்ததில்லை. அவளின் தாயும் செய்ததில்லை. வீடியோ எடுத்திருக்கிறேன், நடுவில் கமரா ஆடியிருக்கிறது, மன்னியும்.

எங்களிடம் இருந்து போனதை எங்கள் கணக்கில் எழுதும். பட்டையை அவள் கணக்கில் எழுதும்.

இக்னேசியஸ்


மோர்னிங்சைட்
15 யூன் 2024

அன்புள்ள இக்னேசியஸ்,

இடம் எனக்கில்லை. வேறொருவருக்குப் போய்விட்டது. துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, நேர்மையை மெச்சுகிறோம் என்றார். மெச்சுதலுக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, கார்ப் பார்க்கில் நின்று அழுதேன். ஓகஸ்ற்றுக்குப் பிறகு என்ன செய்வேன் என்று தெரியாது. அம்மா மில்லிக்கனுக்கு வந்து இருக்கச் சொல்கிறா. "காட்டிலை நாலு வருசம் இருந்து கடைசியா ஒரு பானை வைக்கிற வளையத்தாலை போச்சுதே பிள்ளை" என்று அவவுக்கு ஆற்றாமை. நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். சிரித்துவிட்டு மறுபடி அழுதேன்.

கட்டுரையை அவர்கள் முழுக்கத் தள்ளிவிடவில்லை. சின்னக் குறிப்பாகப் போடுகிறார்கள். தாய் மனிதரிடமிருந்து எடுத்தது, மகள் பட்டைக்கு மாற்றியது, இரண்டும் ஒரு பக்கத்துக்குள். சிட்டுவின் வீடியோ நன்றாகத்தான் இருக்கிறது. கமரா ஆடியது தெரியவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் தகராறு. மங்களம் யாரைப் பார்த்துப் பழகினாள் என்று எழுத வேண்டும் அல்லவா. "அக்காலத்தில் முகாமில் ஒரு குடும்பம் வசித்தது" என்று எழுதினேன். பதிப்பாசிரியர் அதை வெட்டிவிட்டு "ஆய்வுப் பணியாளர் இருவர்" என்று மாற்றி அனுப்பினார். குடும்பம் என்றால் வாசிப்பவர் பிள்ளைகளும் இருந்தார்கள் என்று நினைப்பார்களாம். பிள்ளைகள் இருந்தார்களா என்றும் கேட்டார். இல்லை என்று எழுதினேன். அப்படியானால் பணியாளர் என்பதே சரி என்றார்.

நான் விடவில்லை. பணியாளர்கள் பானைக்குத் திருகணி வைப்பதில்லை என்று எழுதினேன். தண்ணீர் குளிர வேண்டும் என்று நிழல் பார்த்து வைப்பதில்லை, அது காணாமல் போனால் சண்டை பிடிப்பதில்லை. அந்தக் குட்டி பார்த்தது ஆய்வை இல்லை, ஒரு வீட்டை. இல்லாவிட்டால் அவள் கமராவைப் பற்றி யோசித்திருப்பாள், புல்லைப் பற்றி யோசித்திருக்கமாட்டாள். மற்ற எல்லாவற்றையும் வெட்டச் சொன்னபோது வெட்டினேன். இந்தச் சொல்லை வெட்டினால் குறிப்பே வேண்டாம் என்றேன்.

கடைசியில், இரண்டாவது ஆசிரியரும் சம்மதித்தால் அப்படியே விடுகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். அது நீங்கள்.

யோசித்துச் சொல்லுங்கள். பணியாளர் என்பதுதான் சரி என்று உங்களுக்குப் பட்டால், நான் கோபிக்கமாட்டேன்.

நிலாணி


ரவுண்
29 யூன் 2024

நிலாணி,

ஜீப் வாசலில் நிற்கிறது, நீட்டி எழுத நேரமில்லை.

ஓம். நான் சம்மதம். குடும்பம் என்றே இருக்கட்டும் என்று இன்றைக்கே அவர்களுக்கும் எழுதிவிட்டேன்.

சிட்டுவைப் பார்க்க அன்ரனெற் என்றொரு பிள்ளை வந்திருக்கிறா, கெட்டிக்காரி. ஒக்ரோபர் வரை அவவோடு நின்று எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு வாறன். இந்தமுறை ரிக்கற் ஒருவழிக்குத்தான் எடுப்பன்.

எனக்கு ஒரு சோடி பனிச் சப்பாத்து வாங்கி வையும். அளவு உமக்குத் தெரியும்.

இக்னேசியஸ்